பாதிப் பிடரி

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் நிற்க இடமில்லை. வரிசை தெருமுனை வரை போனது. சரி, வாசல் வரை. சரி, இரண்டு பேர். அதில் ஒருவர் சாவிக் கடை எங்கே என்று கேட்க வந்தவர். ஆனால் மிச்சமிருந்த ஒருவருக்கு நான் போட்ட வெட்டு இருக்கிறதே, அது நூறு தலைக்குச் சமம்.

அவர் தையல்காரர். நாற்காலியில் உட்காரப் போனவரை உட்கார விடவில்லை. "முதல்ல நடங்க" என்றேன். கதவிலிருந்து வாஷ்பேசின் வரை நடக்க வைத்தேன், திரும்ப வைத்தேன், தலையை ஆட்ட வைத்தேன். "முடி வெட்ட வந்தேனா, பட்டாளத்துல சேர வந்தேனா?" என்றார். இவர்களுக்கு இது புரியாது. உட்கார்ந்திருக்கிற தலையை யார் வேண்டுமானாலும் வெட்டுவார்கள். மனுஷன் நாள் முழுக்க உட்கார்ந்தா இருக்கிறான்? நடக்கும்போது முடி எங்கே சாய்கிறது, எங்கே துள்ளுகிறது என்று பார்த்தால் கத்தரியை எங்கே வைப்பது என்று முடியே சொல்லிவிடும். அதனால்தான் நான் ஈரத்தில் வெட்டுவதில்லை. ஈர முடி பொய் சொல்லும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. வெளிநாட்டில் எனக்கு முன்னாலேயே யாராவது கண்டுபிடித்திருந்தால் அது அவர்கள் சமர்த்து.

நான் எட்டாவது வரை படித்தவன். இவனுக்குச் சொல்லித்தர எங்களிடம் இனி ஒன்றுமில்லை என்று ஒன்பதாவதில் பள்ளிக்கூடமே கைவிரித்துவிட்டது. பிறகு பஸ் ஸ்டாண்ட் எதிரே சவரம் மட்டும். அதற்கப்புறம் ஐந்து கண்ணாடிக் கடையில் மூன்றாவது கண்ணாடி. அங்கே எனக்காகவே ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். ஒரு ஆள் வந்தார். ரயில்வேயில்தான் வேலை. அப்புறம் சொந்தக் கடை. இரண்டு நாற்காலி.

மத்தியானம் நகம் பூசும் பெண் வந்தாள். பக்கத்துச் சந்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு பெண்களுக்கு நெயில் பாலிஷ் போடுகிறவள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அதிலே எனக்குப் போட்டி.

"மாமா, அந்த ரெண்டாவது நாற்காலி சும்மாதானே கிடக்கு? எனக்குக் குடுங்களேன்."

"சும்மா இல்லம்மா. புக் ஆகியிருக்கு."

"நாலு வருஷமாவா? புக் பண்ணது மனுஷங்களா, ஆவியா?"

ஏப்ரல் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் மெயின் ரோட்டில் வேறு இடம் பார்த்திருக்கிறாளாம். பார்க்கலாம் என்றேன்.

அவள் போன பிறகு அந்த நாற்காலியைத் துடைத்தேன். கத்தரி, சீப்பு வைக்கிற தட்டு அதில் இடப்பக்கம் இருக்கிறது. வலக்கைக்காரன் யாரும் அதில் வேலை செய்ய முடியாது. நான் உட்பட.

மார்ச் 5, புதன்

நாற்காலியின் பெடலுக்கு எண்ணெய் விட்டேன். ஏறி இறங்குகிறது. ஆளில்லாமல்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்குப் போய் அவளுக்குச் சாயம் பூசிவிட்டேன். பூசும்போது அவள் வீட்டுக்காரரிடம், ஒரு மந்திரி என் கடைக்கு வந்து தலையைக் கொடுத்துவிட்டு அப்படியே தூங்கிப் போன கதையைச் சொன்னேன்.

"மந்திரி இல்லங்க. மந்திரி ஆபீஸ் வாட்ச்மேன்" என்றாள் தங்கச்சி, தலையில் சாயத்தோடு.

"தூங்கினது உண்மைதானே?"

பேச்சு இடக்கையிடம் வந்தது. அவளுக்கு நான் வைத்த பேர் அது. பத்து வருஷம் என் இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் நின்று முடி வெட்டினவள். கத்தரி, சீப்பு, சண்டை எல்லாம் இடக்கையால். அவள் போன நாளில் அவளுக்கு வேலை கொடுத்த பெரிய ஹோட்டல்காரர்கள் கார் அனுப்பினார்கள், கறுப்புக் கார், தெருவில் திரும்பவே முடியாமல் ரிவர்ஸிலேயே போனது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அண்ணே, அவ போன கதையை நீ சொல்லச் சொல்ல அந்தக் காரு நீளமாயிட்டே போகுது."

சாயம் காதில் பட்டுவிட்டது. என் கை தவறி யாருக்கும் காதில் பட்டதில்லை.

மார்ச் 13, வியாழன்

எழுதும்போதே கை ஓடமாட்டேன் என்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

பஸ் டிரைவர் வந்தார். பழைய வாடிக்கை. இரண்டு மாதமாகக் காணோம். ரூட்டை மாற்றிவிட்டார்களாம், இப்போது துறைமுகம் இருக்கிற ஊருக்கு ஓட்டுகிறார். ஒரு ராத்திரி அங்கே, ஒரு ராத்திரி இங்கே. தாடியை மட்டும் ஒதுக்கச் சொன்னார். துணியைப் போர்த்தினேன். சட்டைக் காலரை உள்ளே மடிக்கப் பின்னால் போனேன்.

போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு தலையைப் பார்த்தால் வெட்டினது யார் என்று எனக்குத் தெரியும். இதில் ஒரு துளி மிகையில்லை, சத்தியமாக. வலக்கைக்காரன் வெட்டினால் வலக் காதுக்குப் பின்னால் ஒரு இழை கனம் மிச்சமாகும். கத்தரி போகிற சாய்வு அப்படி. இடக்கை என்றால் இடக் காதுக்குப் பின்னால். இவர் தலையில் கனம் இடப்பக்கம். அது மட்டுமா? காது மடலுக்கு மேலே நேராக வெட்டாமல் ஒரு நூல் இடைவெளி, ஒரு சின்ன மூச்சு, விட்டிருந்தது. அந்த மூச்சு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் விடுவாள்.

"இது எங்க வெட்டினது?" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

"அங்கதான் மாஸ்டர். துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்னக் கடை. ஒரு அம்மா வெச்சிருக்கு."

"எப்படி இருக்கா? ...கடை எப்படி இருக்கு?"

"கடைக்கென்ன. அந்தம்மா பேசவே பேசாது. வெட்டின அன்னிக்குக் கண்ணாடியில பாத்தா எனக்கு ஒண்ணும் பிடிக்கல. ஆனா இப்பப் பாருங்க, எவ்வளவு நல்லாருக்கு!"

பிடிக்காதுதான். அவளுடைய கொள்கையே அது. எங்கள் இரண்டு பேருக்கும் பத்து வருஷம் நடந்த சண்டையும் அதுதான். என்னைப் பொறுத்தவரை, போர்வையை உதறுகிற நேரத்தில் ஆள் கண்ணாடியைப் பார்த்து "அட!" என்று சொல்ல வேண்டும். அந்த 'அட'வுக்குத்தான் நான் பிறந்தேன். அவள் சொல்லுவாள், "உங்க வெட்டு கடை வாசல் வரைக்கும்தான் மாஸ்டர். முடி நாளைக்கும் வளருமே? நான் மூணாவது வாரத்துக்கு வெட்டுறேன்." அவளிடம் வெட்டிக்கொண்டவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள். மூன்று வாரம் கழித்து இனிப்பு வாங்கிக்கொண்டு வருவார்கள். அந்த இனிப்பைப் பாதிக்கு மேல் நான்தான் தின்பேன்.

ஹோட்டலில் இருந்தாள் என்று தெரியும். பிறகு நாடகக்காரர்களுக்குத் தலை அலங்காரம், பிறகு ஒரு பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்று காதில் விழுந்தது. பெரிய ஆளாகிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்னக் கடை. ஒரு பஸ் தூரம்.

டிரைவருக்குத் தாடியை ஒதுக்கினேன். தலையில் கை வைக்கவில்லை. அவள் கை பட்டதை நான் எப்படிக் கலைப்பது?

மார்ச் 14, வெள்ளி

அவள் போன் நம்பர் இருக்கிறது. எப்போதும் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

தங்கச்சி இன்று விடவில்லை.

"போன் பண்ணித் தொலையேண்ணே! 'உன் நாற்காலி காலியா இருக்கு, வா'ன்னு ரெண்டு வார்த்தை. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"போன்ல என்னால முடியாது."

"ஊரெல்லாம் அளக்கிற, அவகிட்ட மட்டும் வாய் வராதா?"

"வரும். அதான் பயம். போனை எடுத்ததும் என்ன சொல்லுவேன் தெரியுமா? கடையில கூட்டம் தாங்கலன்னு சொல்லுவேன். புதுசா நாலு கிளை திறக்கிறேன்னு சொல்லுவேன். சௌக்கியமா இருக்கேன்னு சொல்லுவேன். என் வாய் அப்படி. கத்தரியால நான் பொய் சொன்னதே இல்ல."

தங்கச்சி என் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள். நான் எதையாவது உண்மையாகச் சொல்லிவிட்டால் அவளுக்கு என் மேல் இரக்கம் வந்துவிடும்.

வரும் வழியில் அந்த யோசனை வந்தது. நடந்துகொண்டிருந்தேன். முடியைப் போலத்தான் நானும், நடந்தால்தான் எது எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

கடையில் கூட்டம் இருந்த காலத்தில் நாங்கள் ஒரே தலையை இரண்டு பேரும் வெட்டுவோம். வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவள். காதிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் போவோம். இரண்டு கத்தரியும் பிடரிக் குழியில் வந்து சந்திக்கும். அந்த இடத்தில் ஒரு சின்ன முனை விழும், அரச இலை முனை மாதிரி. அதை நானும் வெட்டமாட்டேன், அவளும் வெட்டமாட்டாள். யாரும் அதைப் பற்றிப் பேசினதில்லை. வாடிக்கையாளர்கள் அதை எங்கள் கடை முத்திரை என்று நினைத்தார்கள். ஆமாம், ஸ்பெஷல் முத்திரை, பதிவு பண்ணியிருக்கிறது என்று நானும் சொல்லி வைத்தேன்.

டிரைவர் பிடரியில் வலப்பாதியை மட்டும் நான் முடித்து, இடப்பாதியைத் தொடாமல் அனுப்பினால்?

அவளுக்குப் புரியும். வேறு யாருக்குப் புரிந்து என்ன ஆகப்போகிறது?

ஏப்ரல் 3, வியாழன்

செய்துவிட்டேன்.

இத்தனை நாள் டிரைவர் முடி வளரக் காத்திருந்தேன். அவர் கடையைத் தாண்டி நடந்து போகும்போதெல்லாம் கதவருகில் நின்று பிடரியைப் பார்த்தேன். "என்ன மாஸ்டர், மாட்டைப் பாக்கிற மாதிரி பாக்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார்.

இன்று உட்கார்ந்தார். நடக்க வைத்தேன். வெட்டினேன். வலக் காதிலிருந்து பிடரிக் குழி வரைக்கும் ஒரு வளைவு. இந்தக் கையால் இதைவிட நல்ல வளைவு போட்டதில்லை. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. குழி வந்ததும் நிறுத்தினேன். இடப்பாதி காடு மாதிரி அப்படியே. கத்தரியை வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தேன்.

டிரைவர் கையால் தடவிப் பார்த்தார். "மாஸ்டர், ஒரு பக்கம் விட்டுப்போச்சு."

"அதுதான் இப்ப ஃபேஷன்."

"எங்க ஃபேஷன்?"

"துறைமுகத்துப் பக்கம். அங்க போய் அந்தம்மாகிட்டக் காட்டுங்க, மிச்சத்தை அவங்க பாத்துப்பாங்க."

"ரெண்டு கடைக்கும் நடுவுல என் கழுத்து என்ன எல்லைக் கோடா?" என்று திட்டிக்கொண்டே போனார். நல்ல மனுஷன். நல்ல தலையும் கூட.

ஏப்ரல் 8, செவ்வாய்

டிரைவர் இன்னும் அவளிடம் போகவில்லையாம், கடை பூட்டியிருந்ததாம். கண்டக்டர் சிரிக்கிறானாம். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

நகம் பூசும் பெண் கதவில் தலையை நீட்டி, "மாமா, ஆவி என்ன சொல்லுது?" என்றாள். யோசிக்கிறதாம் என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டிரைவர் வந்தார். நேற்று வெட்டினதாம்.

நேர்கோடு. ஸ்கேல் வைத்த மாதிரி. இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை ஒரே மட்டம். என் வளைவு இல்லை. அவள் வளைவு இல்லை. முனை இல்லை. பள்ளிக்கூடத்துப் பையனுக்குப் போடுகிற கோடு.

"ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல மாஸ்டர். பின்னால நின்னு ரொம்ப நேரம் பாத்துச்சு. யாரு வெட்டினதுன்னுகூடக் கேக்கல. தண்ணி தெளிச்சு, காய வெச்சு, திரும்பத் தண்ணி தெளிச்சு... எனக்கு வண்டி எடுக்க நேரமாயிடுச்சு."

"சிரிச்சாளா?"

"எனக்குப் பின்னால கண்ணு இருக்கா?"

சரி. பதில் வந்துவிட்டது. கேட்டேன், சொல்லிவிட்டாள். கோடு போட்டு முடித்துவிட்டாள். இதுக்கு மேல என்ன? யார்றா நீ, பெரிய இவன் மாதிரி பாதியை விட்டு அனுப்பினே? அவ ஹோட்டல்ல இருந்தவ, நாடகக்காரங்களுக்கு வேலை செஞ்சவ, வாத்தியாரா இருந்தவ. உன் ரெண்டாவது நாற்காலிக்குத் திரும்பி வருவாளா? எதுக்கு? உன் அளப்பைக் கேக்கவா?

என் வளைவையாவது விட்டு வைத்திருக்கலாம்.

ஏப்ரல் 16, புதன்

நாற்காலியை நகம் பூசும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் கடைசி வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஏப்ரல் 20, ஞாயிறு

நகம் பூசும் பெண் சாமான்களோடு வந்து இறங்கினாள். சின்னச் சின்னப் பாட்டில்கள், எல்லா நிறத்திலும். கடை முழுக்க ஏதோ பழ மிட்டாய் வாசனை. தட்டை இடப்பக்கத்திலிருந்து கழற்றி வலப்பக்கம் மாட்டித் தரச் சொன்னாள். ஸ்பானர் எடுத்தேன். இரண்டு திருகாணிகள், துரு ஏறி இறுகிப் போயிருந்தன. அவளே வந்து ஒரு அழுத்து அழுத்தினாள், கழன்றுவிட்டது.

"யாரு மாமா இடது கையில வேலை செஞ்சது?"

வழக்கமான கதைக்கு வாயைத் திறந்தேன். ஹோட்டல், கறுப்புக் கார். வரவில்லை.

கார் வரவில்லை. இடக்கை பஸ்ஸில்தான் போனாள். ஒரு பை. கத்தரியை ஒரு பூத்துவாலையில் சுற்றிப் பையின் மேல்பக்கம் வைத்திருந்தாள். கடை வாசல் படியில் நின்று, "வேற ஏதாவது சொல்லணுமா மாஸ்டர்?" என்று கேட்டாள். நான் கை தட்டினேன். "போ, போ, போய்ப் பெரிய ஆளா வா! அங்க ஒரு நல்ல வேலை இருந்தா எனக்கும் சொல்லு!" என்று தெருவே கேட்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். நடக்கும்போது அவள் பின்னல் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. முடிக்கு ஒரு சொல் உண்டு என்று சொல்லித் திரிகிறவன் நான். அந்தப் பின்னல் என்ன சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தெரிஞ்சவங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கே ஆச்சரியம், நான் ஒரே வார்த்தையில் நிறுத்தினது.

ஏப்ரல் 27, ஞாயிறு

தங்கச்சிக்குச் சாயம். காரைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் ஓட்டவில்லை.

மே 6, செவ்வாய்

மடையன். நான் ஒரு பெரிய மடையன். இந்த ஊரிலேயே என்னை மாதிரி ஒரு மடையன் கிடையாது. இதிலும் எனக்குத்தான் முதலிடம்.

டிரைவர் வந்தார். முடி வளர்ந்திருந்தது. துணியைப் போர்த்தினேன், காலரை மடித்தேன், பார்த்தேன்.

கோட்டைக் காணோம்.

வலப்பக்கம் என் வளைவு. அவள் அதைத் தொடவே இல்லை. நுனியை மட்டும் மட்டம் தட்டியிருக்கிறாள், வளர்ந்ததும் அடியில் இருந்தது மேலே வந்துவிட்டது. இடப்பக்கம் அவள் வளைவு, இடக் காதிலிருந்து இறங்கி வந்து பிடரிக் குழியில் என்னுடையதைச் சந்திக்கிறது. நடுவில் அந்த முனை. அரச இலை முனை.

டிரைவருக்கு இடப் பிடரியில் ஒரு சுழி உண்டு. சுழி இருக்கிற இடத்தில் முடி குட்டையாக இருந்தால் குத்திட்டு நிற்கும். வளர வளரத்தான் திரும்பிப் படுக்கும். அது திரும்பிப் படுக்கும் நாளைக் கணக்குப் போட்டு வெட்டியிருக்கிறாள். தண்ணி தெளித்து, காய வைத்து, திரும்பத் தண்ணி தெளித்து. எனக்கு அது தெரியாதா? நேற்று வெட்டினதை இன்று பார்த்து முடிவு கட்டினேனே! யாருடைய வெட்டு? அவளுடைய வெட்டு! பத்து வருஷம் பக்கத்திலேயே நின்று சண்டை போட்டவன், மூணு வாரம் பொறுக்க முடியலையா உனக்கு?

"என்ன மாஸ்டர், கழுத்துல தண்ணி சொட்டுது" என்றார் டிரைவர்.

"ஸ்ப்ரே பாட்டில் ஒழுகுது" என்றேன். நான் ஈரத்தில் வெட்டுவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். தன் பாதியை முடித்து அனுப்பியிருக்கிறாள். இங்கே அவள் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்து ஒரு கல்லூரிப் பெண்ணின் நகத்துக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

நாற்காலி போய்விட்டது என்று ஒரு தலையில் எப்படி வெட்டுவது? முடியில் அதற்கு வழியில்லை. வாயால்தான் சொல்ல வேண்டும்.

மே 8, வியாழன்

போய்விட்டு வந்தேன்.

டிரைவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் மலை, கடல், பாலம் எல்லாம் வந்ததாம், பக்கத்து சீட்டுக்காரர் காட்டிக்கொண்டே வந்தார். நான் டிரைவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே போனேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த முனை ஆடியது.

கடை ரொம்பச் சின்னது. மீன் வலை விற்கிற கடைக்கும் ஒரு அச்சகத்துக்கும் நடுவில். ஒரு கண்ணாடி, ஒரே ஒரு நாற்காலி. தட்டு இடப்பக்கம்.

அவள் ஒரு அம்மாவுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கத்தரி நிற்கவில்லை.

"சரியா மூணு வாரம் கழிச்சு வந்திருக்கீங்க" என்றாள். "பரவாயில்லையே, மாஸ்டர் பொறுமை கத்துக்கிட்டாரு."

என் வாய் தயாராகத்தான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. முதல் நாளே புரிந்துவிட்டது, வேண்டுமென்றே காத்திருந்தேன் என்று சொன்னால் முடிந்தது. அழகான கதை. அந்த அம்மா எழுந்து போகிற வரைக்கும் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"பொறுக்கல" என்றேன். "மறுநாளே பாத்தேன். நீ வரலன்னு சொல்றேன்னு நினைச்சுட்டேன். உன் நாற்காலியைக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"நகம் பூசற பொண்ணுக்கு."

அவள் தரையில் கிடந்த முடியைக் கூட்டினாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டினாள். அங்கே ஒரு இழைகூட மிச்சமில்லை.

"என் வெட்டை முதல் நாள் பாத்தீங்களா" என்றாள். கேள்வி இல்லை அது. "இந்தக் கடையோட ஓனர்கிட்டச் சொல்லிட்டேன், மாசக் கடைசியில காலி பண்றேன்னு. இருங்க, நாளைக்குப் போய் இல்லன்னு சொல்லணும்."

நாலு கிளை திறக்கிறேன் என்று சொல்லவா?

"உக்காருங்க" என்றாள்.

"எதுக்கு?"

"தலையா இது? யாரு வெட்டினது?"

"நானேதான். ரெண்டு கண்ணாடி வெச்சு."

"தெரியுது."

நாலு வருஷமாக என் தலையில் வேறொருவர் கை படவில்லை. பேசாமல் வெட்டினாள். இடக் காதுக்குப் பக்கத்தில் அவள் மூச்சு. கத்தரிச் சத்தம் அதே சத்தம், என் கத்தரியைவிட ஒரு சுருதி கீழே. கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்ததும் கண்ணாடி காட்டினாள். எனக்குப் பிடிக்கவில்லை. முன்னால் கோழி இறகு மாதிரி நின்றது.

"அன்னிக்கு, படியில நின்னப்ப..." என்று ஆரம்பித்தேன்.

"பஸ் போயிடும் மாஸ்டர்" என்றாள். போர்வையை உதறினாள்.

வாசல் வரைக்கும் வந்தாள். இந்த முறை நான் கை தட்டவில்லை. திரும்பி நின்று, "போகாதன்னு சொல்லத் தெரியல எனக்கு" என்றேன். பக்கத்துக் கடை ஆள் வலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், அவன் காதில் விழுந்திருக்கும். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. கையில் சீப்பை வைத்துக்கொண்டு அதன் பல்லை நகத்தால் ஒரு முறை இழுத்தாள். ட்ர்ர் என்றது. அவ்வளவுதான்.

மே 9, வெள்ளி

நகம் பூசும் பெண் என் தலையைப் பார்த்து, "ஐயோ மாமா, யாருகிட்டக் குடுத்தீங்க?" என்றாள். இருபது பேர் கேட்டார்கள். நிஜமாகவே இருபது. எண்ணினேன்.

மே 15, வியாழன்

ஒன்றுமில்லை. தையல்காரர் வந்தார், நடக்க வைக்காமலே வெட்டிவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மே 20, செவ்வாய்

டிரைவர் கடைக்குள் வரும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், நல்லாக் கேட்டுக்குங்க. இனிமே என் தலையில கடுதாசி எழுதறதா இருந்தா ரெண்டு பேரும் ஸ்டாம்பு ஒட்டுங்க! இன்னிக்கு டிப்போவுல மேலதிகாரி கூப்பிட்டுக் கேக்கறார், 'உனக்கு ஏதாவது பிரச்சனையா'ன்னு!"

திரும்பி நின்று காட்டினார்.

இடப்பாதி முடிந்திருந்தது. காதிலிருந்து குழி வரை, அவள் வளைவு. வலப்பாதி தொடாமல் காடாகக் கிடந்தது.

நான் கத்தரியை எடுத்தேன். சீப்பை எடுத்தேன். ரொம்ப நேரம் பின்னால் நின்றேன். பிறகு இரண்டையும் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன்.

"என்ன, வெட்டலையா?"

"இங்க வேணாம். உங்க வண்டி எப்ப கிளம்புது?"

"அங்க போற வரைக்கும் நான் இப்படியேவா ஓட்டணும்?"

"தொப்பி போட்டுக்குங்க."

நகம் பூசும் பெண் பாட்டிலை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 29, வியாழன்

துறைமுகத்துக் கடையின் ஜன்னல் கிழக்கே பார்க்கிறது. காலை வெளிச்சம் நேராகக் கண்ணாடியில் விழுகிறது. பக்கத்தில் அச்சு மெஷின் சத்தம். வலைக்கடைக்காரர் தன் தலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று கேட்டார். வலப்பக்கத்துக்கு ஒரு நிபுணர், இடப்பக்கத்துக்கு ஒரு நிபுணர், உலகத்திலேயே இங்கே மட்டும்தான் என்றேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "சரி, இந்தத் தெருவில் மட்டும்" என்று திருத்திக்கொண்டேன்.

இன்னொரு நாற்காலி போட இடமில்லையே என்று முதல் நாளே சொன்னேன். "எதுக்கு? நாம என்ன உக்காரவா போறோம்?" என்றாள்.

தங்கச்சி போனில், என்ன, கார் அனுப்பினார்களா என்று கேட்டாள். பஸ்தான் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

இன்று முகம் கழுவும்போது என் தலையைப் பார்த்தேன். கோழி இறகு படிந்துவிட்டது. நன்றாகவே இருக்கிறது. அட என்று வாய்விட்டுச் சொன்னேன், பக்கத்தில் யாருமில்லை.

மத்தியானம் நகம் பூசும் பெண் போனில் கூப்பிட்டாள். "மாமா, நீங்க வர மாட்டீங்கன்னா உங்க நாற்காலியையும் நான் எடுத்துக்கட்டுமா? கேக்கிறாங்க, ஒரு பொண்ணு."

இடக்கை அடுத்த தலைக்குச் சீப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"மூணு வாரம் பொறும்மா" என்றேன்.

குழாய் மறுபடி திறந்தது.